கொல்லைக் கோழியும் கூடத்துக் குஞ்சும்: டெல்டா வீடுகளுக்கான முழுமையான சுகாதார வழிகாட்டி

கோழி வளர்க்க வழிகாட்டி எதற்கு என்று தஞ்சாவூர்ப் பக்கம் கேட்டால் சிரிப்பார்கள். நெல் புழங்கும் வீட்டில் கோழி தானாகவே வளர்ந்துவிடும். கொல்லையில் மேயும், பொழுது சாய்ந்ததும் பஞ்சாரத்துக்குள் அடையும், விடிந்ததும் கிளம்பிவிடும். யாரும் அதை மடியில் வைத்துக் கொஞ்சியதில்லை. தவறிப்போய்க் கூடத்துக்குள் நுழைந்தால் விரட்டுவதற்கென்றே வீட்டில் ஒரு பாட்டி இருந்தார்.

இப்போது கொல்லை சுருங்கிவிட்டது. கும்பகோணத்திலும் மன்னார்குடியிலும் மயிலாடுதுறையிலும் மாடிப்படிக்குக் கீழே, மொட்டைமாடியில், சில வீடுகளில் கூடத்திலேயே அட்டைப்பெட்டியில் குஞ்சுகள் இருக்கின்றன. பிள்ளைகள் அவற்றுக்குப் பெயர் வைத்து, முத்தம் கொடுத்து, சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் உட்கார்த்தி வைத்துக்கொள்கிறார்கள். கோழி மாறவில்லை. அதற்கும் நமக்கும் இடையே இருந்த தூரம்தான் குறைந்திருக்கிறது. இந்த வழிகாட்டியில் வருகிற பெரும்பாலான வேலைகள் அந்தத் தூரத்தை வேறு வழிகளில் ஈடுகட்டுவதற்கானவை.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சால்மோனெல்லா, கேம்பிலோபாக்டர் என்ற இரண்டு பாக்டீரியாக்கள் கோழியின் குடலில் எந்தத் தொந்தரவும் செய்யாமல் குடியிருக்கக்கூடியவை. கண் பளிச்சென்று, இறகு மினுமினுப்பாக, நன்றாக இரை எடுக்கிற கோழியின் எச்சத்திலும் அவை இருக்கலாம். எச்சத்திலிருந்து காலுக்கும் இறகுக்கும், அங்கிருந்து நம் கைக்கும் வாய்க்கும் வந்து சேரும். "எங்கள் கோழிக்கு ஒரு நோயும் இல்லை" என்பது கோழிக்கு நல்ல சேதி. அதைக் கொஞ்சும் பிள்ளைக்கு அது எந்த உத்தரவாதமும் தராது.

படி 1: வாங்குவதற்கு முன்

வீட்டில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தை, கர்ப்பிணி, அறுபத்தைந்தைத் தாண்டிய பெரியவர், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர், சிறுநீரக மாற்று அறுவை செய்துகொண்டவர் போன்று எதிர்ப்புச் சக்தி குறைந்த யாராவது இருக்கிறார்களா என்று பாருங்கள். மற்றவர்களுக்கு நான்கு நாள் வயிற்றுப்போக்கோடு போகிற தொற்று இவர்களை மருத்துவமனையில் படுக்க வைத்துவிடும். அதற்காகக் கோழியே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். இவர்கள் கோழியைத் தொடாமலும் கூண்டைச் சுத்தம் செய்யாமலும் இருக்க வேண்டும். சின்னப் பிள்ளை தள்ளி நின்று பார்க்கலாம்.

அடுத்தது, திருவிழாக் கடையிலும் பேருந்து நிலையத்திலும் சைக்கிள் கூடையிலும் வருகிற சாயம் பூசிய கலர் குஞ்சுகள். இவை பெரும்பாலும் முட்டைக்கோழி இனத்துச் சேவல் குஞ்சுகள். முட்டையிடாது, கறிக்கும் சீக்கிரம் தேறாது என்று பொரிப்பகம் கழித்துவிட்டவை. தாயின் சூடு இல்லாமல், தண்ணீர் இல்லாமல், நூற்றுக்கணக்கில் நெருக்கி அடைத்து, ஊர் ஊராக அலைந்து வருகின்றன. தேர் பார்க்கப் போன இடத்தில் பிள்ளை அழுகிறது என்று இரண்டு வாங்கி வருவது குஞ்சுக்கும் கேடு, பிள்ளைக்கும் கேடு. இரண்டாம் நாள் அது தலை சாய்ந்து கிடப்பதைப் பார்த்துப் பிள்ளை அழுவது தனிக் கதை. நான் வாங்கமாட்டேன், யார் கேட்டாலும் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

நல்ல குஞ்சுக்கு அக்கம்பக்கத்தில் தாய்க்கோழியோடு வளர்ப்பவரை, தடுப்பூசிக் கணக்கு சொல்லத் தெரிந்த பண்ணையை, அல்லது அரசுப் பண்ணையை அணுகுங்கள். ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருப்பது டெல்டாக்காரர்களுக்கு ஒரு வசதி. எங்கே குஞ்சு கிடைக்கும் என்ற விசாரணையை அங்கிருந்தே தொடங்கலாம். பொரிப்பகத்துக் குஞ்சு என்றால், முதல் நாளே போட வேண்டிய, மேரக்ஸ் என்ற வைரஸ் நோய்க்கான தடுப்பூசி போட்டாயிற்றா என்று கேளுங்கள். குஞ்சைக் கையில் எடுத்துப் பாருங்கள். தொப்புள் காய்ந்து மூடியிருக்க வேண்டும், பின்பக்கம் எச்சம் ஒட்டியிருக்கக் கூடாது, மல்லாக்கப் போட்டால் சட்டென்று புரண்டு எழ வேண்டும். ஒற்றைக் குஞ்சு வாங்காதீர்கள். கோழி கூட்டமாக வாழ்கிற பறவை. குறைந்தது மூன்று இருக்கட்டும்.

படி 2: வந்த குஞ்சுக்குச் சூடும் தனியிடமும்

வீட்டில் ஏற்கெனவே கோழிகள் இருந்தால் புதிதாக வந்தவற்றை மூன்று, நான்கு வாரம் தனியாக வையுங்கள். தனித் தண்ணீர்ப் பாத்திரம், தனித் தீனித் தட்டு. பழைய கோழிகளைக் கவனித்து முடித்த பிறகே புதியவற்றிடம் போக வேண்டும். சந்தையில் வாங்கிய ஒரே ஒரு கோழி பதினைந்து கோழியையும் சாய்த்த கதை ஊருக்கு ஒன்று இருக்கும்.

குஞ்சுகளுக்கு முதல் வாரம் ஏறத்தாழ 95 டிகிரி பாரன்ஹீட் சூடு வேண்டும். பிறகு வாரத்துக்கு 5 டிகிரி குறைத்துக்கொண்டே வரலாம். சித்திரை, வைகாசியில் பகலில் விளக்கே தேவைப்படாது. மார்கழி இரவில் விளக்கில்லாமல் முடியாது. எல்.இ.டி. விளக்கு வெளிச்சம்தான் தரும், சூடு தராது. பழைய குண்டு பல்பு 40 அல்லது 60 வாட்டில் தேடி வாங்குங்கள். அதைக் கம்பியால் உறுதியாகக் கட்டித் தொங்கவிடுங்கள். கழன்று உமியில் விழுந்தால் தீப்பிடிக்கும்.

வெப்பமானி இல்லையென்றால் குஞ்சுகளைப் பாருங்கள். பல்புக்கு அடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நெருக்கினால் குளிர்கிறது. சுவரோரம் ஒதுங்கி வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம். பெட்டி முழுக்கப் பரவிக் கிடந்து, ஒரு காலை நீட்டியபடி தூங்கினால் சரியாக இருக்கிறது.

பெட்டியை வைக்கும் இடம் முக்கியம். சமையலறையும் சாப்பிடும் இடமும் படுக்கையறையும் கூடாது. தாழ்வாரம், மாடிப்படி அடி, பின்கட்டு ஏற்றவை. தரையில் இரண்டு அங்குலம் நெல் உமி பரப்பி, முதல் சில நாள் மேலே சணல் சாக்கு விரியுங்கள். குஞ்சு உமியைத் தீனி என்று தின்னாது, காலும் வழுக்காது. பளபளப்பான தாளை விரித்தால் கால் அகன்று நிரந்தரமாக ஊனமாகிவிடும்.

சில குஞ்சுகளுக்குப் பின்பக்கத்தில் எச்சம் ஒட்டிக் காய்ந்து அடைத்துக்கொள்ளும். கவனிக்காவிட்டால் செத்துப்போகும். வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் ஊறவைத்து மெல்லத் துடைத்தெடுங்கள், பிய்க்காதீர்கள். இந்த வேலையைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் செய்யக் கூடாது.

படி 3: கோடு போடுவது

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் கடைப்பிடிப்பேன் என்று யாராவது அடம்பிடித்தால் இதைக் கடைப்பிடிக்கட்டும்.

கோழியின் எல்லை எது, நம் எல்லை எது என்று வீட்டில் ஒரு கோடு வேண்டும். கொல்லைக் கதவின் நிலைப்படியே போதும். அதற்கு அந்தப்பக்கம் கோழிக்கென்று ஒரு ஜோடி செருப்பு, ஒரு துடைப்பம், ஒரு வாளி, ஒரு கந்தல் துணி. அவை இந்தப்பக்கம் வரக்கூடாது. கோழிக்குத் தண்ணீர் வைக்கும் பாத்திரத்தை வெளிக்குழாயில் கழுவுங்கள். அடுக்களைத் தொட்டியில் கழுவினால், அதே தொட்டியில் அலசும் கொத்தமல்லியோடு கிருமியும் உள்ளே வந்துவிடும்.

கை கழுவும் விஷயத்தில் எல்லோரும் தலையாட்டுவார்கள், யாரும் செய்யமாட்டார்கள். காரணம் சோம்பல் இல்லை, சோப்பு வீட்டுக்குள் இருக்கும், கோழி வெளியே இருக்கும். சோப்பை எடுக்கப் போகிற வழியில் கதவுத் தாழ்ப்பாள், குடத்து மூடி, பிரிட்ஜ் கைப்பிடி எல்லாவற்றையும் தொட்டாயிற்று. இதற்கு எளிய ஏற்பாடு உண்டு. சின்ன வெங்காயம் வாங்கி வருகிற வலைப்பையில் பாதிச் சோப்பைப் போட்டு, கொல்லைக் குழாயின் கழுத்தில் கட்டித் தொங்கவிடுங்கள். வலையோடு தேய்த்தாலே நுரை வரும், காகம் தூக்கிக்கொண்டு போகாது, மழையில் கரைந்து ஓடாது. பிள்ளைக்கு எட்டும் உயரத்தில் கட்டுங்கள். விரலிடுக்கும் நகக்கண்ணும் சேர்த்து இருபது வினாடி தேய்க்க வேண்டும். கிருமிநாசினி ஜெல் சோப்பு கிடைக்காத இடத்துக்குத்தான். எச்சம் ஒட்டிய கையில் அது சரியாக வேலை செய்யாது.

பிள்ளைகளுக்கான விதிகள்: குஞ்சை முத்தமிடக் கூடாது, முகத்தோடு அணைக்கக் கூடாது. கோழியோடு விளையாடும்போது முறுக்கோ பிஸ்கட்டோ கையில் இருக்கக் கூடாது. ஐந்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளை தொடலாம், பெரியவர் பக்கத்தில் இருக்க வேண்டும், முடிந்ததும் பெரியவரே கையைக் கழுவிவிட வேண்டும். கோழி கண்ணைக் கொத்தும், பளபளப்பாக எது தெரிந்தாலும் கொத்தும் என்பதையும் சொல்லி வையுங்கள். சேவல் முள்ளால் கீறினால் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் கழுவிவிட்டு, டெட்டனஸ் ஊசி எப்போது போட்டது என்று பாருங்கள்.

நம் பக்கத்துக்கே உரிய ஒரு தொல்லையும் உண்டு. வாசலில் பாயை விரித்து நெல்லும் வடகமும் மிளகாயும் காய வைப்போம். கோழி அதன்மேல் நடந்து, கிளறி, எச்சமிட்டுவிட்டுப் போகும். நெல்லை அவிப்போம், அரிசியை வேகவைப்போம், பாதகமில்லை. வடகம் எண்ணெயில் பொரிந்துவிடும். மிளகாயையும் மல்லியையும் காய்ந்தபடியே அரைத்துப் பொடியாக வைத்துக்கொள்கிறோம். மசாலா சாமான்களை மொட்டைமாடியில் காயவையுங்கள், அல்லது அன்றைக்குக் கோழியை அடைத்து வையுங்கள்.

படி 4: கூண்டும் தரையும், குறிப்பாக ஐப்பசி கார்த்திகையில்

டெல்டாவில் கோழிக்குப் பெரிய எதிரி கீரிப்பிள்ளை என்பார்கள். என்னைக் கேட்டால் ஈரம். வண்டல் கலந்த களிமண் தண்ணீரை இறக்காது. வடகிழக்குப் பருவமழையில் ஐப்பசியிலிருந்து மார்கழி வரை தரை காயாது. ஈரமான எச்சம் அழுகி நெடி கிளம்பும். அந்த நெடி கோழியின் கண்ணையும் மூச்சுக்குழாயையும் அரித்து, சளி நோய்க்கு வழிவிடும். நீங்கள் குனிந்து கூண்டுக்குள் முகத்தை நீட்டும்போது உங்கள் கண் எரிந்தால், நாள் முழுக்க அங்கே இருக்கிற கோழியின் கதியை யோசித்துக்கொள்ளுங்கள்.

கூண்டைத் தரையிலிருந்து இரண்டடி உயர்த்திக் கட்டுங்கள். முடியாதென்றால் செங்கல் ஜல்லியும் மணலும் கொட்டி மேடாக்குங்கள். நீளவாக்கு கிழக்கு மேற்காக இருந்தால் வெயில் நேராக உள்ளே அடிக்காது. மழைக்காலத்தில் சாரல் அடிக்கும் வடக்கு, கிழக்குப் பக்கங்களில் தார்ப்பாய் கட்டுங்கள். மேலே ஒரு சாண் திறப்பு விடாமல் மூடிவிட்டால் நெடி உள்ளேயே தங்கும். ஒரு பெரிய கோழிக்கு அடையும் இடம் இரண்டு சதுர அடியாவது வேண்டும். கூரையைக் கயிற்றால் இழுத்துக் கட்டுவது பற்றி 2018இல் கஜா புயலைப் பார்த்த ஊர்க்காரர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

கீழே போட்ட உமி சரியாக இருக்கிறதா என்று அறிய ஒரு கைப்பிடி அள்ளி இறுக்கிப் பிடியுங்கள். கையைத் திறந்ததும் உதிர்ந்தால் நல்லது. கொழுக்கட்டை மாதிரி பிடித்தபடியே நின்றால் ஈரம் மிஞ்சிவிட்டது. தண்ணீர்ப் பாத்திரத்தைச் சுற்றியுள்ள உமியை அள்ளி எறிந்துவிட்டுப் புது உமி போடுங்கள். மற்ற இடங்களை மழைக்காலத்தில் தினமும் கிளறிவிடுங்கள். நீர்த்த சுண்ணாம்புத் தூளைத் தூவிக் கலக்கினால் ஈரம் குறையும். தூசி அடங்கும்வரை கோழிகள் வெளியே இருக்கட்டும்.

இவ்வளவு பாடும் இரத்தக்கழிச்சலுக்காக. மூன்றிலிருந்து எட்டு வார வயதுக் குஞ்சுகளைத்தான் இது அதிகம் தாக்கும். சிறகைத் தொங்கவிட்டு, உடம்பைச் சுருக்கிக்கொண்டு நிற்கும். எச்சத்தில் இரத்தம் தெரியும். காக்சிடியா என்ற ஒட்டுண்ணி இதற்குக் காரணம். எச்சத்தோடு வெளியேறும் அதன் முட்டை, ஈரமும் வெதுவெதுப்பும் கிடைத்தால் இரண்டொரு நாளில் தொற்றும் நிலைக்கு முதிர்ந்துவிடும். பிளீச்சிங் பவுடருக்கு அது அசையாது, தரை உலர்வதற்கு அஞ்சும். எச்சத்தை அன்றன்றைக்கு அள்ளுவதும் தரையை உலர வைப்பதும்தான் வழி. மருந்து உண்டு, ஆம்ப்ரோலியம் என்பார்கள். எவ்வளவு, எத்தனை நாள் என்பதைக் கால்நடை மருத்துவர் சொல்லட்டும்.

முழுச் சுத்தம் செய்கிற நாளில் வரிசை தவறக் கூடாது. முதலில் வாயையும் மூக்கையும் மறைத்துத் துணி கட்டிக்கொள்ளுங்கள். ஆஸ்துமா உள்ளவர் இந்த வேலைக்கு வர வேண்டாம். காய்ந்த எச்சத்தின்மீது தண்ணீர் தெளித்த பிறகு பெருக்குங்கள், தூசி பறக்காது. சுரண்டி, சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவி, அதன் பிறகுதான் பிளீச்சிங் பவுடர் கரைசல். அழுக்கின்மேல் ஊற்றினால் அதன் வீரியம் அழுக்கிலேயே தீர்ந்துவிடும். அதோடு கழிப்பறைக்கு ஊற்றும் அமிலத்தைக் கலந்துவிடாதீர்கள், நச்சு வாயு கிளம்பும். கடைசியில் வெயில். அதற்குக் காசு கிடையாது.

படி 5: தண்ணீர், தீனி

தண்ணீரைக் காலை, மாலை இரண்டு வேளையும் மாற்றுங்கள். பாத்திரத்தின் உட்புறத்தை விரலால் தடவிப் பார்த்தால் வழுவழுப்பாக ஒரு படலம் இருக்கும். அது கிருமிகளின் வீடு. ஊற்றி அலசினால் போகாது, தேங்காய் நாரால் தேய்க்க வேண்டும். கோழியின் முதுகு உயரத்துக்குப் பாத்திரத்தை ஏற்றி வைத்தால் எச்சமும் உமியும் விழாது. குஞ்சுகளின் தட்டில் கூழாங்கற்களைப் போட்டு வையுங்கள், தவறி விழுந்து மூழ்காது. வாய்க்கால் தண்ணீர் வேண்டாம்.

நொய், கம்பு, தவிடு, கீரை எல்லாம் நல்ல தீனிதான். குஞ்சுப் பருவத்தில் மட்டும் குஞ்சுத் தீவனம் என்று கடையில் விற்பதைக் கொடுங்கள், வெறும் நொய்யில் புரதம் போதாது. பூசணம் பிடித்த மக்காச்சோளம், கடலைப் பிண்ணாக்கு எதையும் கழுவிக் காயவைத்துக் கொடுக்காதீர்கள். பூசணம் உண்டாக்கும் அப்ளாடாக்சின் நஞ்சு கழுவினாலும் வேகவைத்தாலும் போகாது. ஈரத்தில் பூத்த வைக்கோலை அடியில் பரப்பினால் அதன் பூசணத்தூள் குஞ்சின் நுரையீரலுக்குள் போய் மூச்சுத்திணறல் வரும். மழைக்காலத்தில் தீவனத்தை இரண்டு வாரத்துக்கு மேல் சேர்த்து வாங்க வேண்டாம். மூடியுள்ள டப்பாவில் போட்டுப் பலகைமேல் வையுங்கள்.

இரவில் தீனித் தட்டை எடுத்துவிடுங்கள். சிந்திய நொய்க்கு எலி வரும், எலிக்குப் பாம்பு வரும். எலியின் சிறுநீர் கலந்த சேற்றில் வெறுங்காலோடு நடந்தால் நமக்கு எலிக்காய்ச்சல் வரலாம். நாற்றங்கால் விடும் சமயத்தில் மருந்து கலந்த விதைநெல்லையும், வரப்பில் வைத்த எலி விஷத்தையும் கோழி தின்றுவிடும். குறுவைக்கும் சம்பாவுக்கும் விதைக்கிற நாட்களில் கோழியை அடைத்து வளர்ப்பது மேல்.

படி 6: தடுப்பூசி

கோழிக்கழிச்சல் என்றும் சொல்லப்படும் வெள்ளைக்கழிச்சல் வந்த கொல்லையைப் பார்த்தவர்களுக்குத் தடுப்பூசியின் அருமை தெரியும். பச்சையும் வெள்ளையுமாகக் கழியும், வாயைத் திறந்து இழுத்து மூச்சுவிடும், கழுத்து முறுக்கிக்கொள்ளும், கால் விழுந்துவிடும். ஒன்றில் தொடங்கினால் இரண்டு மூன்று நாளில் கொல்லையே காலி. இது வைரஸ் நோய், மருந்து கிடையாது. சின்ன வெங்காயமும் சீரகமும் கீழாநெல்லியும் அரைத்துக் கொடுப்பதை நான் பழிக்கவில்லை, கொடுங்கள். தடுப்பூசிக்குப் பதிலாக அதை எண்ணாதீர்கள்.

வழக்கமான முறை இது. ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு, மூன்று நான்கு வாரத்தில் மறுபடி லசோட்டா என்ற சொட்டு மருந்து, எட்டாவது வாரம் இறக்கைக்கு அடியில் ஊசி. அம்மைத் தடுப்பூசி ஆறாவது வாரத்தை ஒட்டி. உங்கள் பகுதிக்கு எது எப்போது என்பதைக் கால்நடை மருந்தகத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள். தமிழக அரசு ஆண்டுதோறும் இருவாரக் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாமை இலவசமாக நடத்துகிறது, பெரும்பாலும் பிப்ரவரித் தொடக்கத்தில். நாலைந்து கோழி மட்டும் வைத்திருப்பவர்கள் அதைத் தவறவிடக் கூடாது.

கடையில் வாங்கிப் போடுவதென்றால் ஒரு சிக்கல். ஒரு குப்பியில் நூறு கோழிக்கு மருந்து இருக்கும், உங்களிடம் நான்குதான் இருக்கும். திறந்த குப்பியை மறுநாளைக்கு வைக்க முடியாது, கலக்கிய ஓரிரு மணி நேரத்தில் வீரியம் போய்விடும். தெருவில் கோழி வளர்க்கும் வீடுகள் சேர்ந்து ஒரே மாலையில் போட்டுவிடுங்கள். ஐஸ் கட்டி போட்ட பிளாஸ்கில் கொண்டு வாருங்கள். நோயுற்ற கோழிக்குப் போடக் கூடாது. தண்ணீரில் கலந்து கொடுப்பதென்றால் குளோரின் கலந்த குழாய்த் தண்ணீர் ஆகாது. சொட்டு விடுகிறவர் தன் கண்ணைத் தேய்த்துவிட வேண்டாம். இந்த வைரஸ் மனிதருக்குச் சில நாள் கண் சிவப்பை உண்டாக்கும்.

படி 7: பேன், செள்ளு, கொசு

கோழிக்குச் சாம்பல் குளியல் வேண்டும். மழை படாத மூலையில் அகலமான தட்டில் அடுப்புச் சாம்பலும் மணலும் கலந்து வைத்தால் அதுவே புரண்டுகொள்ளும். இரத்தம் குடிக்கும் சிவப்புச் செள்ளு பகலில் கோழிமேல் இருக்காது. மூங்கில் கணுவிலும் பலகை இடுக்கிலும் ஒளிந்திருந்து இரவில் ஏறும். இரவு ஒன்பது மணிக்கு மேல் டார்ச் அடித்து, அடையும் கொம்பின் அடிப்பக்கத்தை வெள்ளைத் துணியால் தேய்த்துப் பாருங்கள். துணியில் சிவப்புக் கோடு விழுந்தால் கோழிக்கு மருந்து போட்டு மட்டும் பயனில்லை, கூண்டையே கழற்றிக் கழுவிக் காயவைக்க வேண்டும். வயலுக்கு வாங்கிய பூச்சிமருந்தைக் கோழிமேல் தெளிக்கும் பழக்கம் அபாயமானது.

கொசு அம்மையைப் பரப்பும். கொண்டையிலும் கண் ஓரத்திலும் மரு மாதிரி கொப்புளம் வரும். வேப்பிலையும் மஞ்சளும் அரைத்து எண்ணெயில் குழைத்துத் தடவலாம், புண் சீழ் வைக்காமல் காக்கும். கோழி அம்மை மனிதருக்குத் தொற்றாது.

படி 8: கோழி சோர்ந்து நின்றால்

உடனே அதைத் தனியே பிரித்து வையுங்கள். பிறகு கால்நடை மருந்தகம், அல்லது 1962 என்ற இலவச எண். நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திக்கான எண் அது. மருந்துக்கடையில் கலர் பொடி வாங்கிக் கலக்குவதும், வீட்டில் மிச்சமிருக்கும் மனிதர் மாத்திரையைப் பொடித்துக் கொடுப்பதும் வேண்டாம். ஆன்டிபயாட்டிக் கொடுத்தால் எத்தனை நாள் முட்டையையும் கறியையும் தவிர்க்க வேண்டும் என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

நம் வீடுகளில் இன்னொரு பழக்கம் இருக்கிறது. கோழி தலையைத் தொங்கப்போட்டால், செத்து வீணாகும் முன் அறுத்துக் குழம்பு வைத்துவிடுவது. வேகும்போது கிருமி செத்துவிடும் என்பது உண்மைதான். அறுத்து, இறகு பிடுங்கி, குடலை எடுத்துச் சுத்தம் செய்கிறவருக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. பறவைக்காய்ச்சல் மனிதருக்கு வருவது அரிது, வந்தவர்களில் பலர் நோயுற்ற அல்லது செத்த பறவையைக் கையாண்டவர்கள். நோய்க்கோழியை அறுக்காதீர்கள்.

இந்தியாவில் பறவைக்காய்ச்சல் முதலில் உறுதியானது 2006இல், மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில். 2014இல் கேரளத்தில் குட்டநாட்டு வாத்துகளிடையே பரவியது. நெல்வயலும் வாத்தும் நீரும் சேர்ந்த நிலம் என்ற வகையில் குட்டநாடு நமக்கு அந்நியம் இல்லை. இங்கும் அறுவடை முடிந்த தாள்களில் மேய்ச்சல் வாத்துகள் ஆயிரக்கணக்கில் இறங்கும். கோடியக்கரைக்கும் வடுவூர் ஏரிக்கும் வலசைப் பறவைகள் வந்து போகும். வாத்து நோயைக் காட்டாமலே வைரஸைச் சுமக்கக்கூடியது. வாத்துக்கூட்டம் பக்கத்து வயலில் இருக்கிற நாட்களில் கோழிகளை அங்கே விடாதீர்கள், இரண்டும் ஒரே குட்டையில் குடிக்க வேண்டாம்.

கொண்டை நீலமாகி, தலை வீங்கி, கால் தோலில் இரத்தம் கட்டி, அல்லது எந்த அறிகுறியும் இல்லாமல் ஒரே நாளில் பல கோழிகள் செத்தால் தொடாதீர்கள், விற்காதீர்கள், உறவுக்காரர் வீட்டுக்கு மாற்றாதீர்கள். கால்நடைத் துறைக்குச் சொல்லுங்கள்.

படி 9: முட்டை

தினமும் எடுங்கள், கோடை என்றால் இரண்டு வேளை. விரிசல் விட்டதை எறிந்துவிடுங்கள். அழுக்கை உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். குளிர்ந்த நீரில் ஊறவைத்துக் கழுவினால் ஓட்டின் நுண்துளை வழியாக அழுக்கு உள்ளே இழுக்கப்படும். பிரிட்ஜில் வையுங்கள், வெள்ளைக்கருவும் மஞ்சள்கருவும் கெட்டியாகும்வரை வேகவையுங்கள்.

பூப்பெய்திய பெண்ணுக்கு நாட்டுக்கோழி முட்டையைப் பச்சையாக உடைத்து நல்லெண்ணெயோடு குடிக்கக் கொடுப்பது நம் ஊர் வழக்கம். பாட்டிமார்களோடு சண்டைக்குப் போக வேண்டியதில்லை. முட்டையை அவித்து, உளுந்தங்களியில் நல்லெண்ணெயை ஊற்றிக் கொடுங்கள். அவித்த முட்டையின் புரதம் பச்சை முட்டையைவிட நன்றாகச் செரிக்கும். ஆரோக்கியமான கோழியின் முட்டைக்குள்ளும் சால்மோனெல்லா இருக்கலாம் என்பதால், ஓட்டைக் கழுவிவிட்டேன் என்பது பதிலாகாது.

படி 10: எச்சமும் செத்த கோழியும்

எச்சத்தை நேரே கீரைப்பாத்தியில் கொட்டாதீர்கள். வேரும் கருகும், கிருமியும் இலைக்கு ஏறும். வைக்கோல், சருகோடு குழியில் அடுக்கி மூன்று மாதமாவது மக்கவிட்டுப் பிறகு போடுங்கள். அடிபம்புக்கும் கிணற்றுக்கும் தள்ளியே குழி இருக்கட்டும்.

செத்த கோழியைச் சாக்கில் சுற்றி வாய்க்காலில் வீசுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். அதே தண்ணீரில் கீழே ஓர் ஊர் குளிக்கிறது, மாடு குடிக்கிறது, அங்கேயும் கொல்லையில் கோழி மேய்கிறது. கையில் பிளாஸ்டிக் பையை உறையாக மாட்டிக்கொண்டு எடுத்து, மூன்றடிக்குக் குறையாத குழியில் சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள். நாய் தோண்டாதபடி மேலே கல் வையுங்கள். மழைக்காலத்தில் மூன்றடி தோண்டினாலே ஊற்று வந்துவிடும் நம் பூமியில். ஆகவே மேடான திடலைத் தேர்ந்தெடுங்கள்.

படி 11: வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால்

சால்மோனெல்லா தொற்றினால் ஆறு மணி நேரத்திலிருந்து ஆறு நாளுக்குள் வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் வயிற்றுப் பிசைவும் தொடங்கும். பெரும்பாலோருக்கு நான்கிலிருந்து ஏழு நாளில் தானே சரியாகும். உப்புச் சர்க்கரைக் கரைசல் பாக்கெட்டை வீட்டில் வைத்திருங்கள், கஞ்சியும் மோரும் கொடுங்கள். மலத்தில் இரத்தம், 102 டிகிரிக்கு மேல் காய்ச்சல், மூன்று நாளுக்கு மேலும் நிற்காத போக்கு, சிறுநீர் குறைவது, நாக்கு வறள்வது இவற்றில் எது இருந்தாலும் மருத்துவரிடம் போங்கள். கைக்குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் முதியவருக்கும் இவ்வளவு காத்திருக்க வேண்டாம், முதல் நாளே போங்கள்.

செத்த அல்லது நோயுற்ற பறவையைத் தொட்டவருக்குப் பத்து நாளுக்குள் காய்ச்சலும் இருமலும் மூச்சு வாங்கலும் வந்தால், கண் சிவந்தால், தாமதிக்காமல் அரசு மருத்துவமனைக்குப் போங்கள், போகும்போதே முகக்கவசம் அணிந்துகொள்ளுங்கள். எந்தக் காய்ச்சலுக்குப் போனாலும் கோழி வளர்க்கிறோம் என்பதை நீங்களாகச் சொல்லுங்கள். மருத்துவர் கேட்க மறந்துவிடலாம். வீட்டில் எத்தனை கோழி, அண்மையில் ஏதாவது செத்ததா, பச்சை முட்டை சாப்பிட்டீர்களா என்ற மூன்று தகவலையும் சேர்த்துச் சொன்னால் எந்தப் பரிசோதனை எழுதுவது என்று அவர் முடிவு செய்துகொள்வார்.